ஏரிக்கு இரண்டு சாட்சிகள்

ஜூன் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம், அம்மாவும் நலம். நீங்கள் நலமா? இருமல் விட்டதா? நீங்கள் மறந்துவிட்டுப் போன முகத்துணி இன்னும் கொடியில்தான் கிடக்கிறது. "மூஞ்சியைக் கழட்டி வெச்சுட்டுப் போயிட்டாரு பாரு" என்று அம்மா தினமும் ஒரு தடவை அதைப் பார்த்துச் சொல்கிறாள்.

இனி முக்கியமான விஷயம். எங்கள் புவியியல் டீச்சர் இந்த வருஷம் எல்லோரும் 'மாநிலங்கள்' என்று ஒரு நோட்டு எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாநிலத்துக்கு இரண்டு பக்கம். மற்றவர்கள் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதுவார்கள். எனக்கு அந்தத் தலைவிதி கிடையாது. நாற்பத்தொரு பேர் உள்ள வகுப்பில் என் அப்பா ஒருவர்தான் கூரையில்லாத வண்டியில் நாட்டைக் கடக்கிறவர். டீச்சருக்கு அது முதலில் புரியவில்லை.

"சேஸிஸ்னா என்னம்மா?"

"லாரியோட எலும்புக்கூடு டீச்சர். இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங், உக்கார ஒரு பலகை. அவ்வளவுதான். கூரை, கதவு, கண்ணாடி ஒண்ணும் இருக்காது. அப்பாவும் கூட இருக்கிறவங்களும் தொழிற்சாலையில இருந்து வரிசையா ஓட்டிக்கிட்டுப் போயி, எந்த ஊர்ல பாடி கட்டுறாங்களோ அங்க விடுவாங்க."

வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது.

ஆகவே அப்பா, ஒவ்வொரு மாநிலத்திலும் முகத்தில் முதலில் என்ன மோதுகிறது என்று எழுதுங்கள். அங்குள்ளவர்கள் எப்படி வழி சொல்கிறார்கள், எப்படிக் கோபப்படுகிறார்கள், அதையும் எழுதுங்கள். நான்காவது மாநிலத்தில் மலைமேல் ஒரு ஏரி இருக்கிறதாம். அதன் நீர் பச்சை என்கிறது பாடப்புத்தகம். நூலகத்தில் இருக்கும் பழைய புத்தகம் நீலம் என்கிறது. எது உண்மை? ஒரு சாட்சி போதாது. உங்கள் பின்னாலேயே வண்டி ஓட்டி வரும் விசில் மாமாவையும் கேட்டு எழுதுங்கள். கீழே இறங்கிய பிறகு கேட்டால் அவர் மறந்துவிடுவார். பார்த்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

வழக்கம்போல், வண்டிகள் கிளம்பும் யார்டு முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். நீங்கள் எப்போது அந்தப் பக்கம் வருவீர்களோ அப்போது கிடைக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்,
வக்கீலம்மா

—

ஜூன் 29

என் வக்கீலம்மாவுக்கு அப்பா எழுதுவது,

நலம். நீயும் அம்மாவும் சுகம்தானே? யார்டில் கிளம்புகிற அன்று உன் கடிதம் கையில் கிடைத்தது. சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். வரிசை கிளம்பக் காத்திருப்பதால் இன்ஜினை அணைக்கவில்லை. பலகையில் வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடும், பொறுத்துக்கொள்.

முதல் மாநிலத்தில் முகத்தில் மோதுவது செங்கல் சூளைப் புகை. அங்கே யாரும் வாயைத் திறந்து வழி சொல்வதில்லை. முகவாயைத் தூக்கிக் காட்டுவார்கள். எந்தப் பக்கம் தூக்கினார்கள் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது மாநிலம் முழுக்கச் சூரியகாந்தி. பார்க்க அழகு, பேச ஆபத்து. வாயைத் திறந்தால் பூச்சி உள்ளே போய்விடும். விசில் மாமா சும்மா இருப்பாரா? வழக்கம்போல் விசிலடித்தார். இரண்டு பூச்சியை விழுங்கிவிட்டு, "மாநிலத்தோட ருசி பாத்தாச்சுண்ணே" என்றார்.

மூன்றாவது மாநிலத்தில் மரமே இல்லை. சாலை நேராகப் போய் வானத்தில் ஏறுவதுபோல் இருக்கிறது. எவ்வளவு தூரம் என்று கேட்டால் அவர்கள் மைலில் சொல்வதில்லை. "ரெண்டு தடவை தண்ணி குடிக்கிற தூரம்" என்கிறார்கள். ஒவ்வொரு எல்லையிலும் தாரின் நிறம் மாறுகிறது. இரண்டு துணியை ஒட்டுப் போட்டதுபோல் சாலையில் ஒரு கோடு. அதைத் தாண்டும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்வேன்.

இந்தத் தடவையும் நான்தான் முதல் வண்டி. பின்விளக்கு இன்னும் பொருத்தாத வண்டிகள் என்பதால் என் கைதான் பின்னால் வருகிறவர்களுக்கு விளக்கு. கையைத் தூக்கி இரண்டு தடவை தாழ்த்தினால் வேகம் குறைகிறது என்று அர்த்தம். எனக்கு அடுத்த வண்டியில் விசில் மாமா. அவர் சாலையைப் பார்ப்பதைவிட என் கையைப் பார்ப்பதுதான் அதிகம்.

நாளைக் காலை மலை ஏறுகிறோம். உன் ஏரியை இரண்டு சாட்சியோடு எழுதுகிறேன்.

அம்மாவிடம் சொல், புது முகத்துணி ஒன்று தேடிக்கொண்டேன்.

அப்பா

—

ஜூலை 22

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்குப் பதில் எழுதவும்.

உங்கள் கடிதத்தை டீச்சர் வகுப்பில் உரக்கப் படித்தார். பூச்சி விழுங்கிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "தண்ணி குடிக்கிற தூரம்" என்ற இடத்தில் டீச்சர் மட்டும் நின்று, அதை இன்னொரு தடவை மெதுவாகப் படித்தார். நோட்டில் மூன்று மாநிலம் முடிந்துவிட்டது. உங்கள் கட்டைவிரல் எண்ணெய் பட்ட மூலையைக் கத்தரித்து முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

நான்காவது மாநிலத்துக்கு இரண்டு பக்கம் வெற்றாக விட்டுவைத்திருக்கிறேன். ஏரி என்ன நிறம்? டீச்சர் தினமும் கேட்கிறார். நானும் தினமும் தபால்காரரைக் கேட்கிறேன். அவர் இப்போதெல்லாம் எங்கள் தெரு முனைக்கு வந்ததுமே தலையை ஆட்டிவிடுகிறார்.

அம்மா நலம். வேலைக்குப் போய்வருகிறாள். "மலையில நல்ல குளிரு. ஒரு வரி போட்டா விரல் ஒடிஞ்சுடுமா?" என்று கேட்கச் சொன்னாள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் வக்கீலம்மா

—

ஆகஸ்ட் 27

அன்புள்ள மகளுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுதத் தாமதம் ஆகிவிட்டது. வேலை அதிகம்.

இப்போது ஐந்தாவது மாநிலத்தில் இருக்கிறேன். இங்கு உப்பு விளைகிறது. சாலையின் இரு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். வெயிலில் கண் கூசும். உப்பளத்தில் வேலை செய்பவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள். மக்கள் சத்தமாகப் பேசுகிறார்கள், ஆனால் நல்லவர்கள். நேற்று நல்ல மழை. கண்ணாடியில் நீர் வழிந்தபடியே இருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. மழை நின்ற பிறகு காற்றில் உப்பு வாசனை வந்தது.

இது உன் நோட்டுக்குப் போதும் என்று நினைக்கிறேன். நன்றாகப் படி. அம்மாவுக்குத் தொந்தரவு கொடுக்காதே.

இப்படிக்கு,
அப்பா

—

செப்டம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உறைமேல் உள்ள முத்திரை ஐந்தாவது மாநிலத்து ஊருடையதுதான். அதில் சந்தேகமில்லை. மற்றதில் எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. கோபிக்காமல் பதில் எழுத வேண்டும்.

ஒன்று. நீர் வழிந்தது எந்தக் கண்ணாடி? உங்கள் வண்டியில் கண்ணாடியே கிடையாதே. மழை பெய்தால் அது உங்கள்மேல் அல்லவா வழியும்?

இரண்டு. இந்தக் கடிதத்தில் வரிகள் நேராக இருக்கின்றன. பலகையில் வைத்து எழுதினால் உங்கள் எழுத்து எப்போதும் வலது பக்கம் சரிந்து கீழே இறங்கும். இந்த எழுத்துக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் வேண்டும். எண்ணெய்க் கறையும் இல்லை. எங்கே உட்கார்ந்து எழுதினீர்கள்?

மூன்று. ஏரி?

நான்கு. விசில் மாமா ஏன் இந்தக் கடிதத்தில் இல்லை? அவர் இல்லாமல் நீங்கள் இரண்டு வரிக்குமேல் எழுதியதே இல்லை.

கடிதத்தை அம்மாவும் படித்தாள். படித்துவிட்டு "ம்" என்றாள். எந்த 'ம்' என்று உங்களுக்குத் தெரியும்.

போன ஞாயிறு பெரியமாமா வந்து போனார். எதற்கு என்று இப்போது எழுதவில்லை.

உண்மையை எதிர்பார்க்கும்,
உங்கள் மகள்

—

செப்டம்பர் 30

அன்புள்ள மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல். வர வர நீ நிஜமாகவே வக்கீல் ஆகிக்கொண்டிருக்கிறாய்.

நான் சொன்னது உணவகத்துக் கண்ணாடி. மழைக்கு அங்கே ஒதுங்கியிருந்தேன். கடிதம் எழுதியதும் அங்கேதான், மேஜை நன்றாக இருந்தது. ஏரி பச்சை. பாடப்புத்தகம் சொல்வது சரி.

இப்போது ஆறாவது மாநிலம். இங்கு எல்லா ஊரும் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றைக் கடக்காமல் ஒரு வேலையும் நடக்காது. அதனால் இங்குள்ளவர்கள் யாருக்கும் அவசரமில்லை. படகு வந்தால் போவார்கள், வராவிட்டால் உட்கார்ந்து கதை பேசுவார்கள். வண்டியைப் படகில் ஏற்றும்போது கரையிலிருப்பவர்கள் எல்லோரும் வந்து ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகாது. "எல்லாத்தையும் கேளுங்க, உங்களுக்குத் தெரிஞ்சதைச் செய்யுங்க" என்றார் படகுக்காரர்.

பெரியமாமா எதற்கு வந்தார்? எழுது.

அம்மாவிடம் சொல், நான் வருவேன்.

அப்பா

—

அக்டோபர் 8

யார்டு அலுவலக எழுத்தர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்க விரும்புகிறேன். தங்கள் யார்டில் சேஸிஸ் ஓட்டும் ஓட்டுநர் ஒருவரின் மகள் நான். வரிசையில் எப்போதும் முதல் வண்டி ஓட்டுவாரே, அவர். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன்.

என் அப்பா ஜூன் மாதத்திலிருந்து எந்தெந்தத் தேதியில் எந்தெந்த மாநிலத்தில் இருந்தார் என்ற விவரம் எனக்கு வேண்டும். விளையாட்டுக்குக் கேட்கவில்லை ஐயா. அவர் எழுதும் கடிதங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அப்பா கண்ணால் பார்த்து எழுதினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இவற்றில் பாதி நன்றாக இருக்கிறது, ஆனால் அவருடையதாக இல்லை. ஏரியைப் பற்றிப் புத்தகம் சொல்வது சரி என்று எழுதியிருக்கிறார். என் அப்பா எந்தப் புத்தகத்தையும் இத்தனை வருஷத்தில் சரி என்று சொன்னதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. டிசம்பருக்குள் அப்பா நேரில் வந்து நிற்காவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பெரியமாமா ஊருக்குப் போய்விடுவதாக அம்மா முடிவு செய்திருக்கிறாள். எனக்கு அங்கே பள்ளிக்கூடம்கூடப் பார்த்தாகிவிட்டது. அப்பாவுக்கு வேறு எங்கோ ஒரு வீடு இருக்கிறது என்று அம்மா சந்தேகப்படுகிறாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அப்பாவின் சட்டைகளை மடித்து வைப்பதை நிறுத்திவிட்டாள்.

அப்பாவுக்கு இது தெரியாது. நானும் எழுதவில்லை. பயமுறுத்தி வரவழைத்தால் அது வந்ததாகாது என்று நினைக்கிறேன். தாங்கள்தான் உதவ வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓட்டுநரின் மகள்

—

அக்டோபர் 19

செல்வி அவர்களுக்கு,

வணக்கம்.

பொருள்: வண்டி நடமாட்ட விவரம் கோருதல் தொடர்பாக.

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. வண்டிகளின் நடமாட்டத்தையோ ஓட்டுநர்களின் இருப்பிடத்தையோ வெளியாருக்குத் தெரிவிக்க அலுவலக விதி இடமளிக்கவில்லை. குடும்பத்தினரும் வெளியாரே. எனவே, மேற்படி ஓட்டுநர் எங்கே இருக்கிறார் என்பதைத் தெரிவிக்க இயலாமைக்கு வருந்துகிறேன்.

இது தவிர, தனிப்பட்ட முறையில் ஒரு வார்த்தை. நான் சொல்லிக் கேட்பதில்லை, மகள் சொன்னாலாவது உங்கள் தந்தை கேட்கிறாரா பார்ப்போம். ஜூலை மாதத்திலிருந்து என் மேஜையில் பாதியை அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். வாசலில் வண்டி வரவு எழுதுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. ஆனால் வருகிற ஓட்டுநரையெல்லாம் நிறுத்தி, "அந்த மாநிலத்துல காத்து எப்படி அடிக்குது? ஜனங்க எப்படி வழி சொல்றாங்க?" என்று விசாரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் வண்டிகள் தேங்கி ஹாரன் அடித்து என் காது போகிறது. வெளி மாநிலம் போகிறவர்களிடம் உறை கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்கிறார். என் பேனாவையும் திருப்பித் தரவில்லை.

இந்தப் பத்தியை அலுவலகத் தகவலாகக் கொள்ள வேண்டாம்.

தங்கள்,
எழுத்தர்

—

அக்டோபர் 24

அப்பாவுக்கு,

நலம்.

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஐந்தாவது மாநிலத்தில் இல்லை, ஆறாவதிலும் இல்லை. காலையில் பஸ் ஏறினால் மாலையில் இறங்கக்கூடிய யார்டில், எழுத்தர் ஐயாவின் மேஜையில் இருக்கிறீர்கள். ஜூலையிலிருந்து. அவர் சொல்லிக்கொடுத்தார் என்று அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். சொல்ல மாட்டேன் என்றுதான் எழுதினார்.

அவருடைய கடிதத்தை அம்மாவிடம் காட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு காட்டினேன். அப்போது பக்கத்துவீட்டுத் தையல்கார அக்காவும் இருந்தார்.

அம்மா படித்துவிட்டு, "ஒரு நாள் பஸ் தூரம். ஒரே ஒரு நாள். அங்க உக்காந்துக்கிட்டு எனக்கு நாட்டைச் சுத்திக் காட்டுறாராம்" என்றாள்.

"வேலை போயிருக்குமோ என்னமோ. சொல்றதுக்கு வெக்கமா இருந்திருக்கும்" என்றார் அக்கா.

"வெக்கப்படுற ஆளு வீட்டுக்கு வந்து வெக்கப்படட்டும். இத்தனை மாசம் அங்க யாரு சோறு போடுறா? அதைச் சொல்லு முதல்ல."

"பொண்ணு இருக்கா, மெதுவா பேசு."

"அவதானே கண்டுபிடிச்சா. அவளுக்கென்ன மெதுவா?"

நான் உள்ளே போய்விட்டேன். அம்மா அன்றைக்கே டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கினாள். டிசம்பரில் நாங்கள் பெரியமாமா ஊருக்குப் போகிறோம். அவர் வந்தது அதற்காகத்தான். இனி மறைத்து என்ன பயன்?

ஐந்தாவது, ஆறாவது மாநிலங்களை நோட்டில் அழகாக எழுதி, வகுப்பில் நானே படித்தும் காட்டிவிட்டேன். அது யார் பார்த்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்?

இப்போது ஒரே கேள்வி. அங்கே உங்களோடு யார் இருக்கிறார்கள்?

மகள்

—

நவம்பர் 4

என் வக்கீலம்மாவுக்கு,

சுகமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

என்னோடு இருப்பவர் விசில் மாமா. இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவருக்கு வேறு யாரும் இல்லை. நான்தான் காலையும் மாலையும் போய்ச் சோறு கொடுத்து, துணி மாற்றி, நடக்கப் பழக்குகிறேன். வேறு வீடு ஒன்றும் இல்லை. அம்மா நம்பாவிட்டாலும் சொல்லிவிடு.

ஜூன் முப்பதாம் தேதி மலைப்பாதையில் விபத்து நடந்தது. தவறு என்னுடையது. முதல் வண்டியில் இருப்பவன் வேகத்தைக் குறைக்குமுன் கையைத் தூக்க வேண்டும். என் கவனம் ஒரு கணம் சாலையை விட்டு விலகியது. கால் தளர்ந்தது, வண்டி மெதுவானது, கை எழவில்லை. விசில் மாமா என்மேல் மோதாமலிருக்க வண்டியை ஒடித்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டார். இடுப்பெலும்பு உடைந்தது. மோதியிருந்தால் எனக்குத்தான் உடைந்திருக்கும்.

கம்பெனி அவரை இந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது, என்னை வண்டியிலிருந்து இறக்கி யார்டு வாசலில் உட்கார வைத்தது. விசாரணை முடிந்துவிட்டது. ஜனவரியில் மறுபடி வண்டி தருகிறார்களாம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

தெரிந்தால் அம்மா என்னை மறுபடி வண்டி ஏற விடமாட்டாள் என்றுதான் மறைத்தேன். உன் நோட்டு நிற்கக் கூடாது என்று, போய்வந்தவர்களைக் கேட்டு எழுதினேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

அவ்வளவுதான் விஷயம். வேறொன்றும் இல்லை.

அப்பா

—

(அதே உறைக்குள், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்)

பாப்பா,

சௌக்கியமா? நான்தான் விசில் மாமா. உங்க அப்பா உறையை ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்துட்டுத் தண்ணி பிடிக்கப் போயிருக்காரு. அதுக்குள்ள ரெண்டு வரி எழுதி உள்ள போட்டுடறேன். சொல்லாத.

எனக்கு இப்ப பரவாயில்ல. கம்பு ஊணி நடக்கிறேன். முன்பல்லு ரெண்டும் போச்சு, விசில் அடிச்சா வெறும் காத்துதான் வருது. பேரை மாத்தணும். உங்க அப்பா ஆக்குற சோத்தைச் சாப்பிட்டதுக்கே எனக்குத் தனியா இன்னொரு கட்டில் போடணும், அது வேற கதை.

அந்த மனுசன் எங்கிட்ட பேச்சே குறைச்சுட்டாரு பாப்பா. மன்னிப்பு கேக்கிறாரு, மறுபடியும் கேக்கிறாரு. இதுல மன்னிக்க என்ன இருக்கு? வளைவுல திரும்புறோம், கீழ அந்த ஏரி அப்படியே விரிஞ்சு கிடக்குது. அவரு திரும்பி என்னைப் பாத்து, இன்ஜின் சத்தத்துல தொண்டை கிழியக் கத்துறாரு: "பச்சையா, நீலமா?" அந்த இடத்துல அதுவா கேள்வி! நானும் அறிவுகெட்டத்தனமா அவரு கையை விட்டுட்டு ஏரியைப் பாத்தேன். ரெண்டும் இல்லண்ணேன்னு சொல்ல வாயைத் திறந்தேன், வண்டி பள்ளத்தைப் பாத்துடுச்சு.

எதுக்கு அப்படிக் கேட்டாருன்னு நானும் எத்தனையோ தடவை கேட்டுட்டேன். வாயே திறக்க மாட்டேங்கிறாரு. நீயாவது கேளு. காலடிச் சத்தம் கேக்குது. வரேன்.

—

நவம்பர் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலமில்லை. இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சல் ஒன்றும் கிடையாது, பயப்படாதீர்கள்.

"வேறொன்றும் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். இருந்தது. உங்கள் கவனம் எதனால் விலகியது என்று நீங்கள் எழுதவில்லை. விசில் மாமா உறைக்குள் ஒரு சீட்டு வைத்திருந்தார். அவரைத் திட்டாதீர்கள். அவருக்கு ஏன் என்று தெரியாது. எனக்குத் தெரியும். ஜூன் பத்தாம் தேதி எழுதிய என் கடிதம் உங்கள் சட்டைப்பையில் இருந்தது. இரண்டு சாட்சி வேண்டும், பார்த்த இடத்திலேயே கேளுங்கள் என்று அதில் எழுதியிருந்தேன்.

இத்தனை மாதமாக நீங்கள் யாரை ஒளித்துவைத்திருக்கிறீர்கள் என்று அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் துருவிக்கொண்டிருந்தோம். நீங்கள் ஒளித்துவைத்தது என்னைத்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போது எனக்கு உங்கள்மேல் கோபமும் வருகிறது. நான் செய்தது எனக்குத் தெரிய வேண்டாமா? நான் சின்னக் குழந்தையா?

அம்மாவிடம் இரண்டு கடிதத்தையும் கொடுத்து, என் கடிதத்தில் நான் கேட்டதையும் சொன்னேன். முதலில் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். பிறகுதான் ஆரம்பித்தாள்.

"இதுக்கா இந்த மனுசன் ஊர் ஊரா ஆள் விட்டுத் தபால் போட்டாரு? ஒரு நாள் பஸ் ஏறி வந்து சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"வண்டி ஏற விடமாட்டேன்னு பயந்தாராம்மா."

"விடத்தான் மாட்டேன். அதை நான்ல சொல்லணும்? அவரே முடிவு பண்ணிக்கிட்டா எப்படி?" கொஞ்ச நேரம் கழித்து, "ஆஸ்பத்திரி, இடுப்பெலும்பு, எல்லாம் சரி. இதையும் யார்கிட்டயாவது கேட்டு எழுதியிருக்க மாட்டாருன்னு என்ன நிச்சயம்?" என்றாள்.

"சீட்டு இருக்கேம்மா."

"சீட்டு நானும் எழுதுவேன். என் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

நேற்று நோட்டை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனேன். இதில் இரண்டு மாநிலம் என் அப்பா பார்த்தது இல்லை என்று சொல்லிவிட்டேன். "யாரு பாத்தது?" என்று கேட்டார். யார்டுக்கு வந்துபோன ஓட்டுநர்கள் என்றேன். "அப்ப அவங்க சொன்னதுன்னு மேல எழுதும்மா. கிழிக்காத" என்றார். எழுதிவிட்டேன். நான்காவது மாநிலத்தின் இரண்டு பக்கத்தில் நான் எதையும் எழுதப் போவதில்லை.

வரும் சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் நானும் அம்மாவும் கிளம்புகிறோம். மாலை ஐந்தரைக்கு அங்கே இறங்குவோம். விசில் மாமாவிடம் நான் நேரில் பேச வேண்டும். எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. தாளில் எழுதிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. நீங்கள் எனக்குப் பதிலாக எதுவும் சொல்லிவைக்காதீர்கள். நான் பேசும்போது பக்கத்தில் நின்றால் போதும்.

அம்மா பஸ்ஸை விட்டு இறங்கியதும் உங்களைத் திட்டுவாள். எதிர்த்துப் பேச வேண்டாம். அவள் பையில் உங்கள் சட்டைகள் நான்கு இருக்கின்றன. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதீர்கள். உங்கள் கடிதம் எதையும் நம்பும் நிலையில் நாங்கள் இருவரும் இப்போது இல்லை. பஸ் நிலையத்தில் வந்து நில்லுங்கள். நிற்பீர்களா என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஆகவே எழுத்தர் ஐயாவுக்கும் தனியாக ஒரு அட்டை போட்டிருக்கிறேன்: சனிக்கிழமை எந்த மாநிலத்துக்குப் போகிற வண்டியிலும் என் அப்பாவை ஏற விடக் கூடாது.

ஐந்தரை மணிக்கு உங்களைப் பார்க்கப்போகும்,
உங்கள் மகள்